நோகாமல் பார்த்துக்கொள்கிறவர்கள்

1

என் அலுவலகக் கோப்பில் எனக்கு ஒன்பது வயதில் ஒரு ‘டாட்டர்-இன்-லா’ இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது. யாரும் இன்னும் அதை அழிக்கவில்லை.

டொரன்டோவிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு பால் ஆலையில், வருகிற பாலைச் சோதிக்கிற ஆய்வகத்தில் எனக்கு வேலை. அதற்கு முன்னால் மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் வேதியியல் வாத்தியாராக இருந்தேன். கனடாவுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. போன வருடம் அக்டோபரில் அவசர விடுப்புக்கு விண்ணப்பம் போட்டேன். ‘நோயாளி உங்களுக்கு என்ன உறவு?’ என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. தங்கை மகள் நமக்கு மருமகள்தானே. மனசு தமிழில் ஓடிக்கொண்டிருந்தது. கை அதை அப்படியே ஆங்கிலமாக்கி எழுதிவிட்டது.

மறுநாள் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். ரொம்பவும் தயங்கித் தயங்கிப் பேசினார். “உங்கள் மருமகளுக்கு ஒன்பது வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் மகனுக்கு எத்தனை வயது?”

“மகன் இல்லை. இருந்தான்” என்றேன்.

 பிறகு நானே சமாளித்துக்கொண்டு, எங்கள் பாஷையில் தங்கையின் மகளுக்கும் மகனின் மனைவிக்கும் ஒரே சொல்தான் என்று விளக்கினேன். அவர் மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, தங்கை மகள் என்றால் அவசர விடுப்புக்கான உறவுப் பட்டியலில் வராது என்றும் சொன்னார். என் வருடாந்தர விடுப்பில் இரண்டு வாரத்தை எடுத்துக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினேன்.

அந்தப் பயணத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஊரில் இதைப் படிக்கிற யாராவது ஒருவர், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு அறிவிப்புப் பலகையைப் பார்த்துப் பயந்துபோய்த் திரும்பி வந்தவராக இருக்கலாம். அவருக்காகவும்தான்.

2

எங்கள் மகன் சாமுவேல் பதினோரு வயதில் இறந்துபோனான். வயிற்றில் தொடங்கி எலும்புகளுக்குப் பரவிய புற்றுநோய். இந்த அக்டோபரோடு ஐந்து வருடம். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் நானும் என் மனைவி எஸ்தரும் மகள் ரூத்தும் கல்லறைக்குப் போய், விழுந்து கிடக்கிற இலைகளைக் கூட்டிவிட்டு வருவோம். அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம்.

போன வருடம் அப்படிப் போய்விட்டு வீடு திரும்பி, காலணியைக்கூடக் கழற்றவில்லை. தங்கை கிரேஸ் உசிலம்பட்டியிலிருந்து கூப்பிட்டாள்.

“அண்ணே, சாமோட நாள் வருதேன்னுதான் மூணு வாரமா உங்ககிட்ட மறைச்சு வச்சிருந்தோம். இனிமே முடியலண்ணே. நம்ம ஜெனிக்குத் தொட எலும்புல கட்டி. கேன்சருன்னு சொல்லிட்டாங்க.”

நான் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“மதுரையில வச்சு மருந்து ஏத்த ஆரம்பிச்சாச்சு. மருந்து ஏத்திக் கட்டியச் சுருக்கிட்டு ஆபரேசன் பண்ணலாம்னு டாக்டர் சொன்னாரு. நல்லாத்தான் பேசுனாரு. இப்ப என்னடான்னா இன்னொரு டீமையும் போய்ப் பாருங்கன்னு ஒரு ரூமுக்கு அனுப்புறாரு. அந்த ரூமு வாசல்ல பாலியேட்டிவ்னு போர்டு போட்டிருக்கு. எங்க வீட்டுக்காரரு அதப் பாத்துட்டு அங்கேயே கத்திட்டாரு. மருந்து ஏத்தி ஒரு மாசங்கூட ஆகல, அதுக்குள்ள எங்களக் கைகழுவப் பாக்குறாங்கண்ணே.” அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள்: “சாமுக்கு அங்க அப்படியெல்லாம் யாரும் வரலேல்ல?”

வந்தார்கள். ஒன்றரை வருடம் எங்கள் வீட்டுக்கு வந்து போனார்கள். நான்தான் ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. ‘நல்ல ட்ரீட்மென்ட் நடக்குது’ என்று மட்டும் சொல்லி வந்தேன். அன்றைக்கும் எனக்கு உண்மை வாயில் வரவில்லை.

“நான் வாரேன்” என்று மட்டும் சொன்னேன்.

3

சாமுக்கு நோய் என்று தெரிந்த இரண்டாவது வாரம். ஒரு சின்ன அறையில் எங்களை உட்கார வைத்தார்கள். மருத்துவர், ஒரு நர்ஸ், எஸ்தருக்காக வரவழைக்கப்பட்டிருந்த மொழிபெயர்ப்பாளர். மேலூர்க்காரியான எஸ்தருக்கு அப்போது ஆங்கிலம் சரியாக வராது. மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்து அம்மா. மூக்குக் கண்ணாடியும் கம்பளித் தொப்பியுமாக இருந்தார். எனக்கும் அவர் உதவ முன்வந்தபோது, “எனக்கு இங்கிலீஷ் தெரியும்” என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னேன்.

மருத்துவர் நிதானமாகப் பேசினார். புற்றுநோய்க்கான சிகிச்சை முழு வேகத்தில் நடக்கும், அதோடு சேர்த்து பாலியேட்டிவ் குழுவும் இப்போதிருந்தே வரட்டும் என்றார். எனக்கு அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எதுவும் காதில் விழவில்லை. அந்தச் சொல்லுக்கு, சாகப்போகிறவர்களுக்கான கவனிப்பு என்பதுதான் அர்த்தம் என்று நினைத்தேன். எழுந்து நின்று, நாங்கள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை, என் பையனைப் பிழைக்க வைக்கத்தான் இங்கே கொண்டுவந்தேன் என்று சத்தம் போட்டேன்.

எஸ்தர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டு, அந்த அம்மாவிடம் கேட்டாள். “அவுங்க என்னங்க சொன்னாங்க?”

“பிள்ளையை நோகாமல் பாத்துக்கொள்ளுற ஆக்கள் இருக்கினமாம். மற்ற மருந்தோட சேர்த்து அவையும் வரட்டோ எண்டு கேக்கினம்.”

எஸ்தர் என் பக்கம் திரும்பினாள். “நோகாம பாத்துக்கிறதுக்கு ஏங்க வேணாங்கிறீங்க?”

 ஆங்கிலம் தெரியாததால் அவளுக்கு விஷயம் சரியாகப் புரிந்தது. தெரிந்ததால் எனக்குப் புரியவில்லை. ஆனால் முடிவெடுத்தது நான். ஆறு வாரம் அந்தக் குழுவை வீட்டு வாசலுக்கு வரவிடவில்லை.

அந்த ஆறு வாரமும் சாம் முனகினான். சும்மா இருக்கும்போதும் பல்லைக் கடித்தான். சாதாரண வலி மருந்துகள் அவன் எலும்பு வலிக்குப் போதவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ, மருந்து வேலை செய்யுது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூத், அப்போது அவளுக்கு ஆறு வயது, அண்ணனைக் குஷிப்படுத்த முகத்தைக் கோணலாக்கிக் காட்டினாள். சாம் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளிடம் கெஞ்சினான். “ப்ளீஸ் ரூத், என்னைச் சிரிக்க வைக்காத. சிரிச்சா வலிக்குது.”

மறுநாள் காலையில் அந்தக் குழுவை நானே கூப்பிட்டேன்.

வந்த நர்ஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலி இல்லாவிட்டால் நீ என்னவெல்லாம் செய்வாய் என்று சாமிடம் கேட்டார். அவன் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான். மூன்றே நாளில் மருந்தின் அளவைச் சரிப்படுத்தினார்கள். அவன் பள்ளிக்கூடம் போனான். வகுப்பு ஹாக்கி அணிக்கு ஸ்கோர் எழுதினான். சனிக்கிழமைகளில் எங்களுக்கு ஆம்லெட் போட்டுக் கொடுத்தான். பாதி நாள் உப்புப் போட மறந்துவிடுவான். புற்றுநோய் சிகிச்சையை யாரும் ஒருநாளும் குறைக்கவில்லை. கடைசியில் அந்த நோயை ஜெயிக்கத்தான் முடியவில்லை.

4

மதுரையில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார்கள். மருந்து ஏற்றிய பிறகு உசிலம்பட்டிக்குப் பஸ்ஸில் போக ஜெனியால் முடியவில்லை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் அம்மாவின் கையைக் கீறிவிடுவாளாம். கிரேஸின் முன்கையில் நகத் தடங்கள் இருந்தன.

ஜெனி சுவரோரம் படுத்திருந்தாள். தலையில் முடி இல்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் வீடியோவில் எனக்குத் தன் ஓட்டப்பந்தய மெடலைக் காட்டிய பிள்ளை.

“வாங்க மாமா. ரூத் அக்காவக் கூட்டியாரலியா?”

“அவளுக்கு ஸ்கூல் இருக்குடா. வலி எப்படி இருக்கு?”

அவள் தன் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள். “கம்மிதான் மாமா.”

அவள் அப்பா ராஜன் எழுமலையில் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். எனக்குத் தங்கை புருஷன் என்பதைவிடச் சிநேகிதன் மாதிரி. எப்போதும் விசில் ஊதுகிற குரல்தான் அவனுக்கு. அன்றைக்கு அந்தக் குரல் உள்ளே போயிருந்தது.

சாயங்காலம் ஜெனி தலையணையைக் கடித்துக்கொண்டு உடம்பை முறுக்க ஆரம்பித்தாள். கிரேஸ் டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டை எடுத்தாள். “நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா இவரு கரெக்டா குடுத்துருவாருண்ணே. அப்படியும் கேக்க மாட்டேங்குது.”

சீட்டை வாங்கிப் பார்த்தேன். கடும் வலிக்குக் கொடுக்கிற மார்பின் மாத்திரை எழுதியிருந்தது. அந்தக் குழுவைப் பார்க்க ராஜன் ஒத்துக்கொள்ளாததால், புற்றுநோய் மருத்துவரே தற்போதைக்கு எழுதிக்கொடுத்தது. ஆனால் ராஜன் பிள்ளையின் வாயில் போட்டது காய்ச்சலுக்குப் போடுகிற சாதாரண மாத்திரை. நான் அவனைப் பார்த்தேன். அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டு சட்டைப்பையை ஒரு கையால் மூடினான்.

“மாப்ள, ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்” என்றேன்.

5

டீக்கடையில் கூட்டம் இல்லை. ராஜன் தானாகவே பையிலிருந்து மார்பின் அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினான். ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

“எங்கப்பாவுக்கு இதத்தான் குடுத்தாங்க மச்சான். குடுத்த மூணாம் நாளு போய்ச் சேந்துட்டாரு. இதக் குடுக்க ஆரம்பிச்சா முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். என் கையால எப்படிக் குடுக்கச் சொல்றீங்க?”

“உங்கப்பாவுக்குக் கடைசி நேரத்துலதான குடுத்தாங்க மாப்ள. அந்த மாத்திரையால அவரு போகல. போற நேரத்துலதான் அந்த மாத்திரையே அவருக்குக் கெடச்சிருக்கு.”

அவன் கேட்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னான்.

“மூணு மாசமா காலு வலிக்குதுன்னு சொன்னா மச்சான். நான் பி.டி. மாஸ்டரு. சுளுக்குன்னு சொல்லித் தைலத்தத் தேச்சு ஓட விட்டேன். வலியத் தாங்கிப் பழகணும்னு சொல்லிச் சொல்லி ஓட விட்டேன். நொண்டிக்கிட்டே ஓடுனா. இம்புட்டுப் பண்ணிட்டு இப்ப நானே கைய விரிக்கவா?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. மாத்திரையைக் கொடுத்தால் அவனைப் பொறுத்தவரை மகளைக் கைவிட்ட மாதிரி. கொடுக்காமல் இருப்பதுதான் அவனுக்குப் போராட்டம். அந்தப் போராட்டத்தில் அடி வாங்குவது அவன் அல்ல. ஆறு வாரம் நானும் அப்படித்தான் இருந்தேன்.

போதாததற்கு, சபையிலிருந்து ஜெபிக்க வந்த சிலர், சாவைப் பற்றிப் பேசுகிற டாக்டர்களிடம் போவதே விசுவாசக் குறைச்சல் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்போடுதான் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு ஒன்பது வயதுப் பிள்ளை பக்கத்திலேயே படுத்திருந்திருக்கிறாள்.

சொல்லிவிட்டேன். அந்தக் குழு எங்கள் வீட்டுக்கு வந்ததையும், ஆறு வாரம் நான் மறித்து நின்றதையும், சாம் தங்கையிடம் சிரிக்க வைக்காதே என்று கெஞ்சியதையும் முதல் முறையாக ஊரில் ஒருவரிடம் சொன்னேன்.

ராஜன் நிமிர்ந்து பார்த்தான். “அப்ப அந்த டீம் வந்துச்சு. சாமும் போயிட்டான். அதானே மச்சான்?”

அவன் மனசில் வஞ்சம் எதுவும் இல்லை. பயம்தான் அப்படிக் கேட்டது.  

“ஆமா மாப்ள. போயிட்டான். அவங்க வந்ததால போகல, அந்த நோயால போனான். அவங்க வராத ஆறு வாரத்துல நோய் ஒரு நாளுகூட ஒதுங்கி நிக்கல. வலி மட்டுந்தான் கூடிக் கெடந்துச்சு. ஜெனிக்கு வந்திருக்கிறது வேற நோய். அவளுக்குக் குணமாகுறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்குன்னு உங்க டாக்டரே சொல்றாரு. குணமாகப் போற புள்ள எதுக்கு இந்த வலியச் சுமக்கணும்?”

அவன் அட்டையைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். “யோசிக்கிறேன் மச்சான்” என்றான். அவ்வளவுதான். கனடாவிலிருந்து இவ்வளவு தூரம் பறந்து வந்தவன் பேசினால் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். தீரவில்லை.

6

மறுநாள் காலை ஏழு மணிக்கு ரூத் வீடியோவில் வந்தாள். அங்கே அவளுக்கு முந்தின நாள் இரவு, பள்ளி வேலைகள் முடிந்து ஓய்வாக இருக்கிற நேரம்.

ரூத்தின் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுகிறாள். நாங்கள் தமிழில் கேட்க, அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, ஒரே சாப்பாட்டு மேசையில் இரண்டு தேசங்கள் இருக்கும். எஸ்தர் சின்ன வயதில் அவளை உட்கார வைத்து ‘ழ’ பழக்கினாள். பழக்கம் முற்றிப்போய், ரூத் கண்ட இடத்திலெல்லாம் ‘ழ’ போடுவாள்.

“ஜெனி, உனக்கு ரொம்ப வழிக்குதா?” என்று கேட்டாள்.

அந்த வலியிலும் ஜெனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “யக்கா, வழிக்கிறது தாடிய. எனக்கு வலிக்குது!”

“ஓகே, ஓகே. வலிக்குதா? எவ்வளவு? எங்க அண்ணாவுக்கு நர்ஸ் ஒரு சார்ட் குடுத்தாங்க. சீரோன்னா வலியே இல்ல. டென்னுன்னா ரொம்ப ரொம்ப. நீ எத்தனை?”

நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன். ராஜன் இட்லிப் பொட்டலத்தோடு படியேறி வந்து என் பின்னால் நின்றான். ஜெனி எங்களைப் பார்க்கவில்லை. அறையைச் சுற்றி ஒரு முறை பார்த்துவிட்டு, போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“பத்து” என்றாள் ரகசியமாக. “ஆனா எங்கப்பாட்டச் சொல்லிராதக்கா. அப்பா பயந்துருவாரு. நான் அவருகிட்ட கம்மின்னுதான் சொல்லுவேன்.”

ராஜன் பொட்டலத்தைப் படியிலேயே வைத்தான். உள்ளே போகவில்லை. மொட்டை மாடிப் பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் தோள் குலுங்கியதைப் பார்த்தேன், பக்கத்தில் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஜெனியின் தலைமாட்டில் உட்கார்ந்து, அந்த அட்டையைப் பிரித்தான். 

“இத மொதல்லயே குடுத்திருக்கணும் சாமி. அப்பா தப்புப் பண்ணிட்டேன்.”

“என்னப்பா மாத்திர இது?”

“வலிக்கு. நெசமான வலி மாத்திர.”

பத்து மணிக்கு அந்தப் பலகை வைத்த அறைக்கு அவனே அவளைத் தூக்கிக்கொண்டு போனான்.

உள்ளே ஒரு பெண் மருத்துவர். சின்ன வயது. அவர் முதலில் எங்கள் யாரிடமும் பேசவில்லை. நாற்காலியை ஜெனிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். “ஜெனி, உனக்கு என்னம்மா தெரியணும்? என்கிட்ட எது வேணும்னாலும் கேக்கலாம்.”

ஜெனி யோசிக்கவே இல்லை. ரொம்ப நாளாக நாக்கின் நுனியிலேயே வைத்திருந்த மாதிரி கேட்டாள். “என் கால வெட்டிருவாங்களா?”

கிரேஸ் “ஐயோ, அதெல்லாம் பேசாதடி” என்று பதறினாள். மருத்துவர் அவளைக் கையமர்த்தினார்.

“கால வெட்டாம, கெட்டுப்போன எலும்ப மட்டும் எடுத்துட்டு, உள்ளுக்குள்ள உலோகத்துல ஒண்ணு வைக்கிறதுக்குத்தான் ஆபரேசன் டாக்டர் பாக்குறாரு. மருந்துக்குக் கட்டி நல்லாச் சுருங்குச்சுன்னா அதச் செய்யலாம். ஒருவேள வேற மாதிரிச் செய்ய வேண்டி வந்தா, உங்கிட்டச் சொல்லாமச் செய்ய மாட்டோம். சரியா?”

“சரி” என்றாள் ஜெனி. பிறகு அப்பாவைப் பார்த்து, “பாத்தீங்களாப்பா, நான் கேட்டேன், அவங்க சொல்லிட்டாங்க” என்றாள், ஏதோ சுலபமான கணக்கைப் போட்டு முடித்த மாதிரி.

ராஜனும் கேட்டான். “இந்த மாத்திரைக்கு அடிமையாயிருவாளாம்மா? கேன்சருக்கு மருந்து ஏத்துறத நிறுத்திருவீங்களா?” வலிக்காகச் சரியான அளவில் கொடுத்து, தேவை குறையும்போது படிப்படியாகக் குறைத்துவிடுவோம், மருந்து ஏற்றுவது ஒரு நாள்கூட நிற்காது என்று மருத்துவர் சொன்னார். மலச்சிக்கல் வரும், அதற்கும் ஒரு மருந்து தருகிறேன் என்றார். இவ்வளவு சாதாரணமான பேச்சாக இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை போல.

அன்று மதியம் ஜெனி நான்கு மணி நேரம் தூங்கினாள். இருபது நிமிடத்துக்கு மேல் அவள் சேர்ந்தாற்போலத் தூங்கி எத்தனையோ நாளாகியிருந்தது. ராஜனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை குனிந்து அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். எத்தனையாவது தடவையோ, ஜெனி கண்ணைத் திறந்தாள்.

“என்னப்பா, தூங்கவிடாம மூக்குல கைய வைக்கிறீங்க?” என்று எரிந்து விழுந்தாள். பிறகு, “பசிக்குது” என்றாள்.

என்ன வேணும் என்று மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டோம்.  பரோட்டா கேட்டாள். ராஜன் செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினான்.

7

மருந்து கட்டியைச் சுருக்கியது. ஜனவரியில் அறுவை சிகிச்சை நடந்தது, காலைக் காப்பாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகும் மருந்து ஏற்றினார்கள். இப்போது ஊன்றுகோல் வைத்து நடக்கிறாள். மார்பின் எப்போதோ நின்றுவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தைய வாரம் கிரேஸ் சாப்பிடுவதில்லை. முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல இன்னும் வருடங்கள் ஆகும். நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் இன்றைய நிலவரம். அதற்கு மேல் எதையும் நான் சேர்த்துச் சொல்ல மாட்டேன்.

மதுரையில் மட்டும்தான் இந்தப் பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சாம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பக்கத்து அறை வெள்ளைக்காரத் தகப்பன் ஒருவர் அதே குழுவை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தியதைப் பார்த்திருக்கிறேன். மொழிதான் வேறு. பிள்ளைக்கு வலிக்கக் கூடாது என்று நினைக்காத தகப்பன் எங்கேயும் இல்லை. ஆனால் வலியைத் தணிக்கிறவர்கள் வந்தால் பின்னாலேயே சாவும் வந்துவிடும் என்று எப்படியோ நமக்குள் பதிந்துவிட்டது. கடைசி நாளில் மட்டுமே அவர்களைக் கூப்பிட்டால், கடைசி நாளில் மட்டும்தானே அவர்களைப் பார்ப்போம்.

இந்த வருடம் சாமின் நாள் சனிக்கிழமையில் வந்தது. கல்லறைக்குப் போய்விட்டு மதியம் வீட்டுக்கு வந்தோம். ரூத் மாடிக்குப் போய்விட்டாள். எஸ்தர் சாதம் போட்டாள். எனக்கு இறங்கவில்லை. ஒரு வருடமாகச் சொல்ல நினைத்ததை அன்றைக்குச் சொன்னேன்.

“அந்த ஆறு வாரம். நீ அன்னைக்கே கேட்ட. நான்தான் கேக்கல. அவனக் கஷ்டப்பட விட்டுட்டேன் எஸ்தர்.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். 

“ஒரு நாள் அவன்கிட்டச் சொன்னேன்” என்றாள். “இன்னைக்கு அப்பாட்டச் சண்ட போட்டாவது அந்த நர்ஸக் கூப்பிடப் போறேன்டான்னு. வேணாம்மான்னுட்டான். அப்பாவுக்குப் பயமா இருக்கும்மா, அவரு ரெடியாகட்டும், நான் வெயிட் பண்றேன்னான்.”

“கோவமாவா சொன்னான்?”

“இல்லங்க. உங்க மேல எரக்கப்பட்டுச் சொன்னான்.”

“ஏன் இத்தன வருசமா சொல்லல?”

“நீங்க தாங்க மாட்டீங்கன்னு. அவன மாதிரியே நானும் காத்துக்கிட்டு இருந்தேன்.”

சாதம் ஆறிப்போயிற்று. சாம் இறந்த பிறகு அவனுடைய அந்த ஆறு வாரத்தைப் பற்றி நாங்கள் பேசியது அன்றைக்குத்தான். நான் அழுதேன். எஸ்தரும் அழுதாள். நடுவில் ஒரு தடவை அவனுடைய உப்பில்லாத ஆம்லெட்டை நினைத்துச் சிரித்தோம்.

சத்தம் கேட்டு ரூத் பாதிப் படி வரைக்கும் இறங்கி வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

“அண்ணாவைப் பத்திப் பேசுறீங்களா?” என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். “எனக்கும் ஞாபகம் இருக்கு. நானும் வந்து உக்காரலாமா?”

எஸ்தர் தன் நாற்காலியை நகர்த்தினாள். நானும் நகர்ந்து உட்கார்ந்தேன்.